பாலம் கட்டுற ஆமி

இராணுவத்தில் அதிகாரியாக இருப்பது என்றால், பெரும்பாலும், எங்கோ ஒரு பற்றைக்காட்டுக்குள் கூடாரம் அடித்துக்கொண்டு மேலிடத்துக் கடிதத்துக்காகக் காத்திருப்பதுதான். ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் நான் காத்திருந்த இடம் வன்னி. துவக்குப் பிடிக்கிற வேலை எனக்கு வாய்க்கவில்லை. நான் இருந்தது பொறியியல் பிரிவு. பாலம் போடுவோம், பாதை வெட்டுவோம், உடைந்த குளக்கட்டை அடைப்போம். சனம் எங்களுக்கு வைத்த பெயர் ‘பாலம் கட்டுற ஆமி’. செக்கன் லெப்டினன்டாக உள்ளே போய் லெப்டினன்ட் கேர்ணலாக வெளியே வந்தேன். இடையில் கொழும்பு, தியத்தலாவை என்று பல இடங்களுக்கு மாற்றினார்கள். எங்கே மாற்றினாலும் அடுத்த கடிதம் திரும்பவும் வன்னிக்குத்தான் வரும்.

அந்தக் காலத்தில் வன்னிக்கு மாற்றம் கிடைத்து, பெட்டி கட்டும்போது வீட்டில் அழுகைச் சத்தம் கேட்ட ஆசிரியர்மாரே, ஓவசியர்மாரே, தபாலதிபர்மாரே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களும் வாசிக்கலாம்.

கிளிநொச்சி ஸ்ரேசன்

முதல் தடவை போய் இறங்கியபோது எனக்கு வயது இருபத்திரண்டு. வெளிநாட்டில் பயிற்சி முடித்து வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. கஞ்சி போட்டு அழுத்திய காக்கி உடுப்பு, தோளில் ஒற்றை நட்சத்திரம், கமக்கட்டில் ஒரு குறுந்தடி, காலடியில் தகரப் பெட்டி. ஏற்றிப்போக ஜீப் வரும் என்று சொல்லியிருந்தார்கள். ஜீப் வரவில்லை. ரயில் போன பிறகு மேடையில் நானும் பெட்டியும் மட்டும் நின்றோம். முன்னால் வெயில். அதற்கப்பால் காடு.

ஸ்ரேசன் மாஸ்டர் நடுத்தர வயது மனிதர். கதவடியில் நின்று என்னை இரண்டு மூன்று தரம் பார்த்தார். பிறகு தானே ஒரு கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்து போட்டார். தேத்தண்ணியும் வந்தது. உடுப்புக்குக் கிடைக்கிற மரியாதை என்று நினைத்து நான் இன்னும் நிமிர்ந்து இருந்தேன். அவர் சுற்றிவரப் பார்த்துவிட்டுக் குனிந்து, ஒரு வைத்தியர் கேட்கிற மாதிரி மெதுவாகக் கேட்டார்: “தம்பி, நான் மேலதிகாரியோட வாக்குவாதப்பட்டு இஞ்ச வந்தனான். பள்ளிக்கூடத்து வாத்தியாரும் அப்பிடித்தான், ஆஸ்பத்திரி அப்போதிக்கரியும் அப்பிடித்தான். வெக்கப்படாமல் சொல்லும், நீர் என்ன பிழை விட்டனீர்?”

எருதுத் தமிழ்

முகாம் முரசுமோட்டைக்குப் பக்கத்தில் இருந்தது. முகாம் என்றால் பத்துக் கூடாரமும் தென்னோலைக் கிடுகால் வேய்ந்த ஒரு குசினியும். என்னுடைய ஆட்கள் நாற்பது பேரும் தெற்கிலிருந்து வந்த சிங்களப் பெடியள். அவர்களுக்குத் தலைவர் சார்ஜன்ட் பியதாச, என்னைவிடப் பத்து வயது மூத்தவர். பாலத்தின் ஒவ்வொரு ஆணியையும் தன் கையால் தட்டிப் பார்க்காமல் சாப்பிடப் போகமாட்டார். முகாமுக்கு அடுத்த காணி வல்லிபுரத்தாருடையது. அவர் தீவுப் பகுதியிலிருந்து வந்து குடியேற்றத் திட்டத்தில் காணி எடுத்த கமக்காரர். எங்களுக்குக் காய்கறி தருகிறவரும் அவர்தான். பியதாச காய்கறி வாங்கப் போகிற சாட்டில் வயல் வரம்பில் குந்தியிருந்து, வல்லிபுரத்தார் உழுதுகொண்டு கதைப்பதைக் கேட்டுக் கேட்டே தமிழ் பழகினார். எனக்கு அதில் பெரிய பெருமை.

ஒரு நாள் டி.ஆர்.ஓ. ஐயா காரில் வந்து இறங்கினார். அந்தப் பகுதிக்கே பெரிய அரசாங்க அதிகாரி அவர். பியதாச ஓடிப்போய் விறைப்பாக ஒரு சல்யூட் அடித்துவிட்டு, தன் தமிழை அவிழ்த்து விட்டார்: “வாடா, வா, வா! இஞ்சால திரும்படா! நில்லு! தண்ணி குடி!” டி.ஆர்.ஓ. முகம் கறுத்துப் போய், வந்த காரிலேயே திரும்பிப் போனார். மன்னிப்புக் கடிதம் எழுதியது நான்.

பின்னேரம் வல்லிபுரத்தாரிடம் போனேன். “தாங்கள் தயவுசெய்து எமது சார்ஜன்டுக்கு மரியாதையான பதங்கள் சிலவற்றைக் கற்பித்தால் மிகவும் உபகாரமாயிருக்கும்” என்றேன். அப்போதெல்லாம் நான் அப்படித்தான் பேசுவேன். இங்கிலிஷில் யோசித்து, பள்ளிக்கூடத்துப் புத்தகத்தில் இருந்த தமிழில் சொல்வேன். வல்லிபுரத்தார் எருதைத் தண்ணீரில் இறக்கி விட்டு, அவசரமில்லாமல் வந்து சொன்னார்: “சார்ஜன்ட் எருதோட கதைக்கிற தமிழை டி.ஆர்.ஓ.வோட கதைச்சுப்போட்டார். நீங்கள் டி.ஆர்.ஓ.வோட கதைக்கிற தமிழை என்னோட கதைக்கிறியள். ஆரை ஐயா நான் முதல் திருத்திறது?”

திறப்பு விழா

நான் வன்னியில் போட்ட முதல் பாலம், கனகராயன் ஆற்றின் ஒரு கிளைக்கு மேலே. மரமும் இரும்பும் கலந்த சின்னப் பாலம்தான். குறித்த நாளுக்கு ஒரு கிழமை முன்னதாகவே முடித்துவிட்டோம். ஆனால் கொழும்பிலிருந்து ஒரு பெரியவர் வந்து நாடா வெட்டும் வரை யாரையும் விடக்கூடாது என்று கடிதம் வந்தது. பெரியவருக்கு நேரம் கிடைக்கவில்லை. மூன்று கிழமை போயிற்று. பாலம் புது மணப்பெண் மாதிரிச் சிவப்பு நாடா கட்டிக்கொண்டு மேலே நிற்க, சனம் கீழே இடுப்பளவு தண்ணீரில் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு போனது. ஒவ்வொருவரும் போகும்போது நிமிர்ந்து என்னைப் பார்ப்பார்கள்.

ஒரு நாள் காலையில் மழை. ஆறு நெஞ்சளவு வந்துவிட்டது. அக்கரையில் ஒரு மாட்டு வண்டி வந்து நின்றது. உள்ளே பிள்ளை பெற நோக்கண்ட ஒரு பெண், பக்கத்தில் மருத்துவிச்சி, வண்டிக்கு முன்னால் புருசன். அந்தப் பெண் கத்தவில்லை. வண்டித் தட்டிப் பலகையைப் பிடித்திருந்த விரல்களை மட்டும் நான் பார்த்தேன். பியதாச என்னைப் பார்த்தார். நான் கத்தியை எடுத்துப் போய் நாடாவை வெட்டினேன். சில்லுக் கடைசிப் பலகையைத் தாண்டும் வரை நாங்கள் எல்லாரும் மூச்சுவிடவில்லை. பாலத்துக்காக அல்ல.

பிறகு புது நாடா கட்டினோம். பெரியவர் வந்தார், வெட்டினார், பேசினார். அந்தத் தாயும் கையில் பிள்ளையோடு வந்திருந்தாள். பெரியவர் போன கையோடு எனக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. விசயம் அவருக்கு எப்படித் தெரிந்தது என்றால், பிள்ளையின் கன்னத்தைத் தட்டி அவர் கொஞ்சும்போது மருத்துவிச்சி பணிவாகச் சொல்லியிருக்கிறா: “ஐயாதான் பாலம் திறக்கிறதெண்டு எங்களுக்குச் சொன்னவை. இவர் அதுக்கு முந்தியே பாலத்தால வந்திட்டார், மன்னிச்சுக்கொள்ளுங்கோ.”

கிணத்து வாளி

கப்டன் ஆன வருடம் கலியாணம். மாப்பிள்ளை ஆமி ஒபிசர் என்று மாமனார் சுன்னாகம் சந்தை வரைக்கும் சொல்லி வைத்திருந்தார். மனைவி பரமேஸ்வரி வவுனியாவில் எனக்குக் கிடைத்த குவாட்டர்சுக்கு அலுமாரி, கண்ணாடிப் பாத்திரம், ஒரு ஆர்மோனியப் பெட்டி எல்லாவற்றோடும் வந்து இறங்கினா. வீட்டுக்குள் முதல் நாளே ஒரு உடும்பு இருந்தது. அது எங்களைப் பார்த்த பார்வையில், வந்தேறிகள் நாங்கள்தான் என்று தெரிந்தது.

இரண்டாம் நாள் காலை கிணற்றில் வாளி அறுந்து விழுந்துவிட்டது. நான் படங்குத் துணி விரித்த மேசையில் ஒரு பாலத்தின் படத்தை வைத்துக்கொண்டு, எத்தனை தொன் தாங்கும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். பரமேஸ்வரி கையில் அறுந்த கயிற்றோடு வந்து நின்றா. “உங்களுக்குக் கீழ எத்தினை பேர்?” என்று கேட்டா. நான் தலையை நிமிர்த்தாமல், “நூற்றிருபது” என்றேன். குரலில் கொஞ்சம் பெருமை இருந்திருக்கலாம். “எல்லாருக்கும் கயிறு முடியத் தெரியுமோ?” “அது முதல் மாதப் பயிற்சி.” அவா கயிற்றை என் படத்துக்கு மேலே வைத்தா. “அப்ப மேல இருக்கிற ஆளுக்குத்தான் தெரியாது போல.”

அணிவகுப்பு

ஒரு தடவை கொழும்பிலிருந்து ஒரு பிரிகேடியர் முகாமைப் பரிசோதிக்க வந்தார். பின்னேரம் நாலு மணிக்கு அணிவகுப்பு. ஆட்களை இரண்டு வரிசையில் நிறுத்தி, விறைப்பு என்றால் விறைப்பு, சட்டைப் பொத்தான்கூட அசையாமல் வைத்திருந்தேன். பிரிகேடியர் காட்டுக்கு முதுகைக் காட்டியபடி பேசத் தொடங்கினார். அப்போதுதான் அவருக்குப் பின்னால் பற்றை விலகி ஒரு தனியன் யானை வெளியே வந்தது.

பயிற்சிப் புத்தகத்தில் எதிரி வந்தால் என்ன கட்டளை, விமானம் வந்தால் என்ன கட்டளை என்று எல்லாம் இருக்கிறது. யானைக்கு ஒன்றும் இல்லை. கலையச் சொன்னால் பிரிகேடியருக்கு முன்னால் மானம் போகும், சொல்லாவிட்டால் ஆளே போகலாம். நான் முடிவெடுக்க முதல் யானை நடந்துவிட்டது. பிரிகேடியரின் முதுகுக்கும் கொடிக்கம்பத்துக்கும் நடுவால், காதை ஆட்டிக்கொண்டு, வாய்க்கால் பக்கம் போய் மறைந்தது. நாற்பது சோடிக் கண்களும் அதோடு இடமிருந்து வலம் போயின. கழுத்து ஒன்றும் திரும்பவில்லை. பிரிகேடியர் திரும்பிப் பார்க்கவே இல்லை. இப்படி ஒரு கட்டுப்பாட்டைத் தான் வேறெங்கும் கண்டதில்லை என்று எழுதி வைத்துவிட்டுப் போனார்.

அவர் போன பிறகு குசினிக்குப் போய்த் தேத்தண்ணி கேட்டேன். எங்கள் சமையற்காரர் அசனார், முல்லைத்தீவுப் பக்கம் தண்ணீரூற்று ஊர்க்காரர், எல்லாவற்றையும் வாசலில் நின்று பார்த்தவர். சீனியைக் கலக்கிக்கொண்டே சொன்னார்: “அது ஒவ்வொரு நாளும் இந்த நேரம் தண்ணிக்குப் போறதுதான் சேர். ஒருத்தரும் ஓடாமல் நிண்டதைப் பாத்து, அதுதான் இண்டைக்குக் கொஞ்சம் பயந்து போனது.”

கத்தரிக்காய்

தெற்கில் தமிழரின் வீடுகள் எரிந்த அந்த ஐம்பத்தெட்டாம் ஆண்டு வைகாசி மாதத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. தப்பியவர்களைக் கப்பலில் ஏற்றி வடக்கே அனுப்பிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் திரும்பவும் முரசுமோட்டையில் இருந்தோம். முகாமைவிட்டு ஒருவரும் வெளியே போகக்கூடாது என்று கண்டிப்பான ஓர்டர். நாற்பது சிங்களச் சிப்பாய்கள், ஒரு தமிழ் அதிகாரி. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சாப்பிட்டோம். ஒரு காலையில் பியதாச என் கூடாரத்து வாசலில் வந்து நின்றார். ஏதோ சொல்ல வந்தார். சல்யூட் மட்டும் அடித்துவிட்டுப் போனார். மூன்று நாளாகக் காய்கறி வரவில்லை. இனி வராது என்றுதான் நான் நினைத்தேன்.

நாலாம் நாள் காலை வல்லிபுரத்தார் சைக்கிள் காரியரில் சாக்கைக் கட்டிக்கொண்டு முகாம் வாசலில் வந்து நின்றார். அவருடைய தங்கச்சி குடும்பம் உடுத்த உடுப்போடு கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து, முந்தின நாள்தான் அவர் வீட்டுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. அது எனக்குப் பிறகுதான் தெரியும். “அண்ணை, இந்த நேரம் ஏன் வந்தனீங்கள்?” என்று ஓடிப்போய்க் கேட்டேன். அவர் சைக்கிளை ஸ்ராண்டில் விட்டுவிட்டு, சால்வையால் முகத்தைத் துடைத்தார். “நாட்டில என்ன நடந்தாலும் கத்தரிக்காய் முத்திப்போகும் ஐயா. சார்ஜன்டைக் கூப்பிடுங்கோ, நிறுத்து எடுக்கட்டும்.”

முல்லைத்தீவுக் கடற்கரை

இடையில் ஒரு வருடம் என்னைப் பாலத்திலிருந்து எடுத்துக் கடற்கரைக்கு அனுப்பினார்கள். இந்தியாவிலிருந்து களவாக வருகிறவர்களைப் பிடிக்கிற வேலை. முல்லைத்தீவில் மணலுக்கு மேலே கூடாரம். மன்னார்ப் பக்கம்தான் ஆட்கள் வருவார்கள், எங்கள் கரைக்கு ஒருவரும் வருவதில்லை. மாதக்கணக்கில் நண்டைத்தான் கண்காணித்தோம். ஒரு விடியற்காலை, பொழுது வெளிக்கிற நேரம், கரையில் ஒன்பது பேர் நனைந்துபோய்க் குந்தியிருந்தார்கள். படகு ஓட்டி அவர்களிடம் காசை வாங்கிக்கொண்டு, இதுதான் மன்னார் என்று இறக்கிவிட்டுப் போய்விட்டான். ஓடுவதற்குக்கூட அவர்களுக்குத் திசை தெரியவில்லை.

அதில் ஒருவர் வயது போனவர். மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தில் மகன் வேலை செய்கிறானாம். ஒன்பது வருடமாக அவனைப் பார்க்கவில்லையாம். மடியில் எண்ணெய்த் துணியில் சுற்றிய மகனின் கடிதம் இருந்தது. எழுத்தெல்லாம் கடல் தண்ணீரில் கரைந்து நீலமாக நின்றது. பொலிஸ் லொறி வர மத்தியானம் ஆகும் என்றார்கள். முல்லைத்தீவில் கடை வைத்திருந்த முஸ்லிம் பெரியவர் மீரா நானா, நாங்கள் கேட்காமலே ஒரு கிடாரத்தில் கஞ்சியும் சம்பலும் கொண்டுவந்து வைத்தார். நானும் அவர்களோடு மணலில் இருந்து குடித்தேன். மகனுக்கு எத்தனை பிள்ளைகள், ஊரில் மழை எப்படி என்று கதைத்தோம்.

லொறி வந்தது. ஒவ்வொருவராக ஏறினார்கள். வயது போனவருக்குக் கை கொடுத்து ஏற்றிவிட்டேன். அவர் என் கையை விடவில்லை. கோபமாகக் கேட்கவில்லை, உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டார்: “நீங்களும் தமிழ்தானே பேசுறீங்க சார். அப்புறம் எந்த எடத்துல நம்ம வேற வேற ஆளாயிட்டோம்?”

மேற்குக் கரை

மேஜராக இருந்தபோது ஒரு மார்கழி. பத்து நாளாக விடாத மழை. கிளிநொச்சிக்கு மேற்கே ஒரு குளம். பெயரைச் சொன்னால் இன்றைக்கும் இரண்டு ஊர்க்காரரும் என் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். நடுக்கட்டுக்கு நேர் கீழே புதிய குடியேற்றம், எல்லாம் மண் வீடுகள். மேற்குக் கரைக்குக் கீழே பழைய ஊர்க்காரரின் வயல். மிச்சத் தண்ணீர் வெளியேறுகிற வான் பாய்ந்தும் தண்ணீர் இறங்கவில்லை. நாங்கள் போய்ச் சேர்ந்த காலையில் நடுக்கட்டின் அடியில் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. தெளிந்த தண்ணீர் என்றால் பயமில்லை. இது கலங்கல். கட்டு உள்ளுக்குள் கரைகிறது என்று பியதாசவும் நானும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளத் தேவையிருக்கவில்லை. மேற்குக் கரையை வெட்டித் தண்ணீரை விட்டால் குடியேற்றம் தப்பும். கதிர் விட்டு நின்ற வயல் முழுவதும் போகும். எஞ்சினியர் வரப் பாதை இல்லை. டெலிபோன் கம்பி அறுந்து கிடந்தது. ஓர்டர் கேட்க ஒருவரும் இல்லை.

வெட்ட வேண்டிய இடத்தில் விதானையார் வேலாயுதர் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு குந்தியிருந்தார். பழைய ஊரின் பெரிய மனிதர் அவர். அவருக்குப் பின்னால் ஊர் ஆம்பிளைகள் முப்பது பேர். என் ஆட்களின் கையில் மண்வெட்டி இருந்தது. லொறியில் துவக்கும் இருந்தது. எடுக்கட்டுமா என்று ஒரு கோப்ரல் கண்ணால் கேட்டான். வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு, விதானையாருக்குப் பக்கத்தில் சேற்றில் நானும் குந்தினேன்.

“கீழ பிள்ளை குட்டியள் இருக்குதுகள், விதானையார்” என்றேன். அவர் வயலையே பார்த்துக்கொண்டு, “முதல் வயல் என்ர. அதுக்கங்கால என்ர தமையன்ர. இது உம்மட வயலெண்டால் வெட்டுவீரோ?” என்று கேட்டார். ஓம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வரவில்லை. “தெரியாது” என்றேன். பிறகு அவர் கையை ஊன்றி எழும்பினார். பத்தடி தள்ளிப் போய், வயலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். மற்றவர்களும் விலகினார்கள். பியதாச முதல் மண்வெட்டியைப் போட்டார்.

குடியேற்றம் தப்பியது. வயல் போனது. இரண்டு மாதம் கழித்து மாவட்ட அரசாங்க அலுவலகமான கச்சேரியில் விசாரணை, அனுமதியில்லாமல் குளக்கட்டை உடைத்ததற்காக. அன்றோடு உடுப்பைக் கழற்ற வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டு போனேன். “கட்டை வெட்ட உத்தரவு கொடுத்தது யார்?” என்று விசாரித்தவர் கேட்டார். நான் எழும்ப முதல், பின் வரிசை வாங்கிலிருந்து விதானையார் எழும்பினார். அந்தப் போகம் அவருக்கு ஒரு மூட்டை நெல்கூட வரவில்லை. “நான்தான் ஐயா. வயல் என்ர, வெட்டச் சொன்னதும் நான். ஆமிக்காரர் பாவங்கள், சொன்ன வேலையைச் செய்தவை.”

சோதினை

பிறகு ஒரு காலம் வந்தது. அரச உத்தியோகத்தர் எல்லாரும் சிங்களச் சோதினை பாஸ் பண்ண வேண்டும், இல்லாவிட்டால் சம்பள உயர்வு இல்லை, பதவி உயர்வு இல்லை. ஆட்களோடு சிங்களம் பேசி வேலை வாங்க எனக்குத் தெரியும். எழுதத் தெரியாது. சார்ஜன்ட் மேஜராகிவிட்ட பியதாசதான் எனக்கு வாத்தியார். லொறியில் போகும்போது என் முழங்காலில் கொப்பியை வைத்து எழுத்துச் சொல்லித் தந்தார். நாற்பதை நெருங்குகிற ஒரு மேஜர், பாலர் வகுப்புக் கொப்பியில் ஒரே எழுத்தைப் பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டு மாங்குளம் காட்டுக்குள்ளால் போனதை நினைத்துப் பாருங்கள்.

முதல் தடவை தவறினேன். இரண்டாம் தடவையும் தவறினேன். என்னைவிட இளையவர்கள் என்னைத் தாண்டிப் போனார்கள். இரண்டாம் முடிவு வந்த அன்று கடிதத்தைக் கிழித்துக் குப்பைக்குள் போட்டேன். பியதாச அதைப் பொறுக்கி எடுத்து, துண்டுகளைச் சேர்த்து வாசித்தார். அப்போது அவருடைய தமிழ் என்னுடையதைவிட நல்ல தமிழ். துண்டுகளை மேசையில் வைத்துவிட்டுச் சொன்னார்: “நான் தமிழ் படிக்கேக்க எனக்கு ஒருத்தரும் சோதினை வைக்கேல்லை, சேர். அதாலதான் படிச்சனான்.”

பதவி உயர்வு

மூன்றாம் தடவை பாஸ் பண்ணினேன். தோளில் கிரீடத்தோடு ஒரு நட்சத்திரமும் ஏறியது. முரசுமோட்டைப் பக்கம் போகவேண்டிய வேலை ஒன்று வந்தது. வேலைக்காகப் போனேன் என்று சொல்வதைவிட, புதுப் பதவியைக் காட்டுவதற்குத்தான் போனேன் என்று சொல்லலாம். ஜீப்புக்கு முன்னால் சின்னக் கொடி, சாரதி, பின்னால் இன்னொரு ஜீப்.

வல்லிபுரத்தாருக்கு இப்போது கல்வீடு. தலை நரைத்துவிட்டது. என்னைக் கதிரையில் இருத்தி, ஜீப்பை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து, “இப்ப ஐயா என்ன பதவி?” என்று கேட்டார். “லெப்டினன்ட் கேர்ணல்” என்றேன். அவர் முகம் விழுந்துபோயிற்று. வீட்டுக்காரிக்குக் கேட்காமல் இருக்கக் குரலைத் தாழ்த்தினார்: “முதல் வரேக்கையும் லெப்டினன்ட் எண்டுதானே சொன்னனீங்கள்? இவ்வளவு காலமும் வேலை செய்து, பின்னால ஒரு சொல்லு மட்டுந்தான் கூட்டித் தந்தவையோ?”

கயிறு

கட்டளை அதிகாரி ஓய்வு பெற்றுப் போகும்போது அவரை ஜீப்பில் இருத்தி, எஞ்சினை நிறுத்தி, முன்னால் கயிறு கட்டி, அவருக்குக் கீழே இருந்தவர்கள் தங்கள் கையால் வாசல் வரை இழுத்துப்போவது படை வழக்கம். என்னையும் வவுனியா முகாமில் அப்படி இருத்தினார்கள். இழுத்தவர்கள் முப்பது பேருக்கு மேல். ஓய்வு பெற்று ஊருக்குப் போயிருந்த பியதாசவும் அதற்காகவே ரயில் ஏறி வந்து, சாதாரண வெள்ளைச் சட்டையோடு கயிற்றின் முன் நுனியைப் பிடித்தார். அவர் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. தோள் குலுங்கியது மட்டும் தெரிந்தது. நான் நெஞ்சை நிமிர்த்தி நேரே பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்த பரமேஸ்வரி கண் துடைக்க லேஞ்சியை என் கைக்குள் வைத்தா.

ஜீப் வாசலைத் தாண்டிப் பெரிய றோட்டில் ஏறியது. அந்த நேரம் பார்த்து ஸ்கந்தபுரத்திலிருந்து நெல் மூட்டை ஏற்றிக்கொண்டு ஒரு ட்ரக்டர் வந்தது. ஓட்டி வந்தவருக்கு இருபத்தைந்து வயது இருக்கும். எங்களைக் கண்டதும் சடாரென்று நிறுத்தினார். கயிற்றைப் பார்த்தார், வியர்த்து வழிந்த ஒபிசர்மாரைப் பார்த்தார், மாலையோடு மேலே இருந்த என்னைப் பார்த்தார். அவருக்கு மனம் பொறுக்கவில்லை. ஆசனத்திலிருந்து எழும்பி நின்று சத்தமாகச் சொன்னார்: “பற்றரி விட்டிட்டுதோ? கயிறை இஞ்சால தாங்கோ, என்ர மிசின்ல கட்டி இழுத்து விடுறன். முதல் அந்தப் பெரியவரை இறங்கி நடக்கச் சொல்லுங்கோ, பாரமெல்லோ!”

கட்டளையிடுவதற்கென்றே என்னைக் கடல் கடந்து அனுப்பிப் பயிற்றுவித்து, அதற்கு மாதாமாதம் சம்பளமும் தந்தார்கள். ஆனால் வன்னியில் இருந்த காலம் முழுவதும் கடைசி வார்த்தை ஒரு தடவையாவது என்னுடையதாக இருந்ததாக எனக்கு நினைவில்லை.